லைட் டேங்க்: ஸ்பாட்டிங்கும் ஸ்னைப்பிங்கும் ஒரே ஆளால் முடியுமா?

புதர்க்காரன்:
வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் ஆன்லைன் விளையாட்டில் லைட் டேங்க் எடுத்தால் எதிரியைக் கண்டு நம் அணிக்குக் காட்டிக்கொடுப்பது (ஸ்பாட்டிங்) மட்டும்தான் வேலை, சுடவே கூடாது என்று பக்கத்து இழையில் அடித்துச் சொல்கிறார்கள். ஏற்க முடியவில்லை. புரோகோரோவ்கா, மலினோவ்கா மாதிரி திறந்த மேப்களில் இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம். முன்னால் இருக்கும் புதரில் நின்று ஸ்பாட் செய்யுங்கள். எதிரி தெரிந்ததும் அந்தப் புதரிலிருந்து 15 மீட்டருக்கு மேல் பின்வாங்கிச் சுடுங்கள்.

ரேடியோமேன்:
கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். எதிரியின் பார்வைத் தூரம் 445 மீ, உங்கள் கேமோ (எதிரி கண்ணில் படாமல் மறையும் திறன்) 30%, புதர் 50%. மொத்தம் 80%. சூத்திரம்: பார்வைத் தூரத்தில் 50-ஐக் கழித்து, மீதியைக் கேமோவால் பெருக்கி, வந்ததைப் பார்வைத் தூரத்திலிருந்து கழிக்க வேண்டும். 395 × 0.8 = 316. ஆக, அவன் 129 மீட்டருக்குள் வந்தால்தான் நீங்கள் தெரிவீர்கள். அதே இடத்திலிருந்து ஒரு குண்டு போடுங்கள். 15 மீட்டருக்குள் இருக்கும் புதரின் பலன் 50-லிருந்து 15% ஆகிவிடும். பீரங்கியைப் பொறுத்து உங்கள் கேமோவும் கால்வாசியாகி 7.5%-க்கு இறங்கும். இப்போது 356 மீட்டரிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அந்த ஒரு குண்டுக்காக நல்ல புதரையே இழக்கிறீர்கள்.

புதர்க்காரன்:
அதனால்தான் பின்வாங்கச் சொல்கிறேன். 15 மீட்டரைத் தாண்டினால் புதரின் 50% அப்படியே நிற்கும். 57.5% கேமோவோடு சுட்டால் தெரியும் தூரம் சுமார் 218 மீ. 300 மீட்டரில் இருப்பவனுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். தூரத்தை அளக்க வேண்டியதும் இல்லை. ஸ்னைப்பர் மோடில் (பெரிதாக்கிக் குறிபார்க்கும் காட்சியில்) புதர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தால் இன்னும் உள்ளே இருக்கிறீர்கள். இலை அடர்ந்து மறைத்தால் வெளியே வந்துவிட்டீர்கள். புதர் குண்டைத் தடுக்காது, எதிரியின் தலைக்கு மேல் தெரியும் குறியை வைத்துச் சுடலாம்.

ரேடியோமேன்:
அந்த இலை உங்கள் கண்ணையும்தானே மறைக்கிறது? வெளியே வந்த கணமே ஸ்பாட்டிங் போயிற்று. அதன்பிறகு எதிரி 5 முதல் 10 வினாடிதான் தெரிவான். மெதுவான ரிவர்ஸில் 15 மீட்டர் போக 3 வினாடி, குறிவட்டம் சுருங்கித் துல்லியமாக 2 வினாடி. மிச்சம் ஒரு குண்டுக்குத்தான் நேரம். மறுபடி முன்னே போய் நின்றால், பார்வைத் தூரத்தைக் கூட்டும் பைனாகுலர் வேலை செய்ய முழுசாக 3 வினாடி. கேமோ வலையும் அதே கதை. ஹல்லை (வண்டியின் உடலை) அசைத்தாலே இரண்டும் அணைந்துவிடும், டர்ரெட்டை (பீரங்கி உள்ள மேல்பகுதியை) திருப்பினால் மட்டும் பாதகமில்லை. இப்படி முன்னும் பின்னும் போய் வந்தால் பாதி நேரம் குருடாகத்தான் இருப்பீர்கள்.

தட்டுமுறியான்:
குறுக்கிடுகிறேன். இரண்டு பேருமே டீம் பட்டியலைப் பற்றிப் பேசவில்லையே. ஆட்டம் தொடங்குமுன் ஓடும் கவுண்ட்டவுனில், உங்கள் பக்கம் எத்தனை டேங்க் டிஸ்ட்ராயர் (டேங்கை வேட்டையாடும் வண்டி), எத்தனை தூரப் பீரங்கி என்று எண்ணுங்கள். நான்கைந்து இருந்து, அவர்கள் பின்வரிசையில் நின்றும்விட்டால் சுடாதீர்கள். நீங்கள் காட்டிய இலக்கில் அவர்கள் செய்யும் சேதத்துக்கு உங்களுக்கும் அனுபவப் புள்ளியில் பங்கு உண்டு. எல்லோரும் ஊருக்குள் போய்விட்டார்களா? அப்போது நீங்கள் எதிரியைக் காட்டிக்கொடுத்தாலும் சுட ஆளில்லை. அங்கே உங்கள் பீரங்கிதான் ஒரே பீரங்கி.

புதர்க்காரன்:
சரியான பேச்சு. பைனாகுலரை ஒப்புக்கொள்கிறேன், இந்த முறைக்கு அது சேராது. அதற்குப் பதில் கோட்டட் ஆப்டிக்ஸ், அதுவும் பார்வைத் தூரத்தைக் கூட்டும் கருவிதான். ஓடும்போதும் வேலை செய்யும். கூடவே, லைட் டேங்குக்கு ஓட்டத்திலும் நிற்கையிலும் கேமோ ஒன்றுதான். பின்வாங்கும்போது அது பெரிய பலம்.

ரேடியோமேன்:
பார்வைத் தூரத்தை ஆப்டிக்ஸ் கூட்டுவது 10%, பைனாகுலர் 25%. எதிரியும் புதரில் இருந்தால் அந்த வித்தியாசம்தான் அவன் தெரிவானா மாட்டானா என்பதைத் தீர்மானிக்கும். முதல் நான்கு நிமிடத்தில் அதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. பாதி வண்டிகள் போனபின், எதிர்த்தரப்பில் ஸ்பாட் செய்யும் ஸ்கவுட்டும் செத்தபின் சுடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை.

தட்டுமுறியான்:
ஒன்று விட்டுப்போயிற்று. பின்வாங்கும் வழியில் மரம் இருந்தால் வேறு பாதை பாருங்கள். மரம் சாய்ந்தால் எதிரிக்கும் தெரியும். கேமோ 80% இருந்தாலும் அந்த இடத்துக்குக் கண்மூடித்தனமாகக் குண்டு வரும்.