பட்டாசு இரவில் எழுந்திருக்காத கறுப்பி

புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

முட்டை பொரிக்க அடைக்கோழியை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் வீட்டுக் கறுப்பியைப் பற்றிச் சொல்கிறேன். கம்பத்துக் கோழிதான், அதாவது நாட்டுக்கோழி. போன ஆண்டு, 2025 ஜனவரியில், முட்டையிட்ட பிறகும் அது கூண்டை விட்டு இறங்கவில்லை. கையை நீட்டினால் சிறகை உப்பிக்கொண்டு உறுமியது. அடை வந்துவிட்டது என்று தெரிந்தது.

தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், அம்மா செய்தபடியே நானும் செய்தேன். இருட்டிய பிறகுதான் அடை வைக்க வேண்டும். இருட்டில் இடம் மாற்றினால் கோழி மிரளாது. விடியும்போது அதையே தன் இடமாக எடுத்துக்கொள்ளும். ஜனவரி 18 இரவு, பழைய பிரம்புக் கூடையில் மண் பரப்பி, மேலே காய்ந்த புல் போட்டு, பேனுக்காக ஒரு கைப்பிடி வேப்பிலையும் சேர்த்து 11 முட்டைகளை வைத்தேன். இடிச் சத்தத்தில் முட்டை கெடாதிருக்க அம்மா ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் வைப்பார். அவற்றையும் நான் விடவில்லை.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் கோடு போடுங்கள். அடைக்கோழி இரை எடுக்க இறங்கும் நேரத்தில் மற்றக் கோழிகள் அதே கூட்டில் வந்து முட்டையிடும். நாள் கணக்குக் கலந்துவிட்டால், முதல் குஞ்சுகளோடு தாய் இறங்கிப் போகும்போது பிந்திய முட்டைகள் பாதியிலேயே குளிர்ந்து போகும். கோடில்லாத இரண்டை நானே எடுத்தேன். எட்டாம் இரவு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது ஒன்பதில் சிவப்பு நரம்பு சிலந்தியைப் போலப் படர்ந்திருந்தது. இரண்டு வெறுமையாக இருந்தன. அவற்றை வெளியே எடுத்துவிட்டேன். கூமுட்டை உள்ளேயே வெடித்தால் மற்றவையும் பாழாகும்.

கறுப்பி நாளுக்கு ஒரு முறைதான் இறங்கும். சோளத்தை அவசர அவசரமாகக் கொத்தி, தண்ணீர் குடித்து, நாற்றம் தாங்காத பெரிய எச்சம் ஒன்று போட்டு, முருங்கை மரத்தடி மண்ணில் புரண்டுவிட்டு, இருபது நிமிடத்துக்குள் திரும்பிவிடும். ஒரு நாள் அதன் வயிற்றடியில் கையை நுழைத்தேன். இறகெல்லாம் உதிர்ந்து வெறும் தோல்தான் இருந்தது, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைப் போலச் சுட்டது. அந்தத் தோல்தான் முட்டையோடு ஒட்டிக்கொண்டு சூட்டைக் கொடுக்கிறது.

நான் பயந்தது பிப்ரவரி 5ஆம் தேதி இரவுக்கு. சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் பிறக்கும் அந்த நள்ளிரவில் ஹொக்கியன் என்னும் சீனப் பிரிவுக் குடும்பங்கள் கரும்பு கட்டி, விண்ணுலகப் பேரரசரை வணங்கிப் பட்டாசு கொளுத்துவார்கள். எங்கள் சாலையே அதிரும். முட்டைக்குப் பதினெட்டாம் நாள் அது. குஞ்சு வெளியே வருவதற்காக உள்ளே திரும்பிப் படுக்கிற நேரம். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம் முன்பே சொல்லி வைத்தேன். அவர் மகனைக் கூப்பிட்டுப் பட்டாசுச் சரத்தை வேலியின் மறுகோடிக்கு மாற்றச் சொன்னார். ஆனாலும் மற்ற வீடுகள் இருக்கின்றனவே.

கூடைக்கு மேல் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். முதல் சரம் வெடித்தது. கறுப்பி கழுத்தை உள்ளிழுத்து, இரண்டு சிறகையும் முட்டைகளின் மேல் அகலமாக அழுத்தி, கூடையோடு கூடையாகத் தட்டையாகிவிட்டது. முதுகில் கை வைத்தேன், நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது. வெடிச்சத்தம் வெகுநேரம் ஓயவில்லை. அது ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. காலையில் பாட்டி ஒரு துண்டுக் கரும்போடு வந்து, "கோழி எழுந்ததா?" என்றுதான் முதலில் கேட்டார்.

7ஆம் தேதி மாலை முட்டைக்குள்ளிருந்து கீச்சுக் குரல் வந்தது. கறுப்பி அடித்தொண்டையில் பதில் சொன்னது. ஈர வாடைக்கு எறும்பு வந்துவிடும் என்பதால், கூடை இருந்த பலகையின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய டின்களில் நிறுத்தினேன். மறுநாள் ஒவ்வொன்றாகப் பொரிந்தன. ஒரு முட்டை மட்டும் மதியம் கீறல் விட்டு இரவாகியும் அப்படியே இருந்தது. 2023இல் இப்படிப்பட்ட ஒன்றுக்கு உதவுவதாக நினைத்து நகத்தால் ஓட்டை உரித்தேன். சவ்விலிருந்த நரம்புகள் இன்னும் வற்றவில்லை. இரத்தம் வந்து, குஞ்சு என் கையிலேயே செத்தது. முதல் கீறலிலிருந்து வெளியே வர ஒரு நாள்கூட ஆகும். அதற்குள்தான் இரத்தமும் மஞ்சள் கருவும் குஞ்சின் உடம்புக்குள் போய்ச் சேருகின்றன. இந்த முறை கையைக் கட்டிக்கொண்டேன். விடிந்து பார்த்தால் தாயின் சிறகுக்கு வெளியே ஈரத்தலை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

மொத்தம் எட்டு. ஒன்று ஓட்டுக்குள்ளேயே போய்விட்டது. தைப்பூசத்தன்று, 11ஆம் தேதி, நாங்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும்போது எட்டும் முற்றத்தில் நொய் பொறுக்கிக்கொண்டிருந்தன.

செகாம்புட், கோலாலம்பூர்

அக்கா, எங்களுடையது வரிசை வீடு. விடியற்காலைக் கூவலுக்கு அண்டை வீட்டார் வருத்தப்படுவார்கள் என்பதால் சேவல் இல்லை. ஆகவே எங்கள் கோழியின் முட்டை பொரிக்காது. ஆனாலும் அடை வந்துவிட்டது. வெறுங்கூட்டிலேயே உட்கார்ந்து கொண்டை வெளுத்தது. தண்ணீரில் முக்கி எடு, தெளிந்துவிடும் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை.

தெலுக் இந்தானிலிருந்து அத்தை பஸ்ஸில் வந்தபோது, உமி நிரப்பிய டின்னில் ஏழு முட்டைகளை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். வந்ததும் அடை வைக்கவில்லை. குலுங்கி வந்த முட்டையின் காற்றறை அமர வேண்டும். கூர்முனை கீழிருக்க ஒரு நாள் அசையாமல் வைத்த பிறகே வைத்தேன். நான்கு பொரித்தன. ஆனால் கோழி மிகவும் இளைத்துவிட்டது, நெஞ்செலும்பு கையில் தட்டியது. அடுத்த முறை முட்டைக்குப் பதிலாக ஒருநாள் குஞ்சுகளை வாங்கிக் கோழியின் அடியில் விடலாமா?

புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

விடலாம் தம்பி. ஓரிரு நாள் குஞ்சுகளாக மட்டும் பாருங்கள். கோழியும் இரண்டு வாரமாவது அடையில் இருந்திருக்க வேண்டும். இரவில், விளக்கைப் போடாமல், பின்பக்கமாக ஒவ்வொன்றாக வயிற்றடியில் நுழையுங்கள். விடிவதற்கு முன் எழுந்து கூட்டருகே இருங்கள். கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும். அடித்தொண்டையில் அந்தக் குரலைக் கொடுத்தால் நீங்கள் நிம்மதியாகப் போய்த் தேநீர் போடலாம்.