கிரிக்கெட் வீரர்கள் என்ன வாசிக்கிறார்கள்? உங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்

கண்டிக்காரன்:
பல்லேகலவில் ஒருநாள் போட்டி. வெளிநாட்டு அணி எங்கள் ஹோட்டலில்தான் தங்கியிருந்தது. நான் அப்போது அங்கே ரூம் பையன். அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர் ஒருவரின் அறைக்குத் துவாய் கொண்டு போனேன். டிவியில் அவர் ஓடிவருவதைப் பார்த்தாலே நமக்கு வயிறு கலங்கும். கட்டில் பக்கத்தில் தடித்த புத்தகம் ஒன்று. கொலைக் கதையாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்களின் தொகுப்பு! பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் சரி போட்டிருந்தார்.

என் பெயரைக் கேட்டார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கடைசி வெற்றுப் பக்கத்தில் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டு அர்த்தம் கேட்டார். நிலா என்றேன். பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிறை வரைந்தார். பிள்ளை ஆணா, பெண்ணா, என்ன பெயர் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் பந்து வீசும் போதெல்லாம் அந்தப் பிறைதான் ஞாபகம் வருகிறது.

அட்டன் ரசிகன்:
நான் பார்த்தது ரயில் கோச்சியில். பதுளைக் கோச்சி, நானுஓயா தாண்டியிருக்கும். எதிர் சீட்டில் ஒரு கழக வீரர், முதல்தர ஆட்டங்கள் ஆடியவர். வடை வாங்கினார். சுற்றிக் கொடுத்த தாள் வழக்கம்போல யாரோ ஒரு பிள்ளையின் பரீட்சைத் தாள். வடையைத் தின்று முடித்ததும் எல்லோரும் கசக்கி எறிவோம்தானே? அவர் அதைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் நீவி, எண்ணெய் படிந்த இடத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து வாசிக்கத் தொடங்கினார். பட்டிப்பொல வரும்வரை தலை நிமிரவில்லை.

திடீரென்று, "தம்பி, பேனை இருக்கா?" என்றார். ஒருவர் நாளுக்கு 18 கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்தால் 26 நாளில் எவ்வளவு என்று கணக்கு. பிள்ளை 468 என்று எழுதியிருக்கிறது, சிவப்புப் பேனையால் பிழை போட்டிருக்கிறார்கள். "ரன் ரேட் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்தப் பிள்ளை நொட் அவுட்" என்று சொல்லி, பிழையை வெட்டிவிட்டுப் பெரிதாகச் சரி போட்டார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தலவாக்கலை அண்ணன்:
வடைத் தாளெல்லாம் வாசிப்பில் சேராது தம்பி. நான் பார்த்ததையும் சொல்கிறேன், அதுவும் பெரிய வாசிப்பு இல்லை. 2007இல் முரளி, இங்கிலாந்தின் கொலிங்வூட்டை போல்ட் ஆக்கி, வோர்னின் டெஸ்ட் உலக சாதனையான 708 விக்கெட்டைத் தாண்டினாரே, அதே கண்டி அஸ்கிரிய மைதானத்தில் ஒரு கழகப் போட்டி. ஆரம்பத் துடுப்பாட்டக்காரர் கால்காப்புக் கட்டிக்கொண்டே பத்திரிகையில் ராசிபலன் வாசித்தார். முகமெல்லாம் சிரிப்பு. போனார், முதல் பந்திலேயே போல்ட். திரும்பி வந்து கையுறையைக்கூடக் கழற்றாமல் அதே பக்கத்தை விரித்து மறுபடி வாசித்தார்.

வாசிப்பு என்றால் இந்தியப் பெண்கள் அணியின் மித்தாலி ராஜ். 2017 உலகக் கிண்ணம், டெர்பியில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். தன் முறை வரும்வரை ரூமியின் கவிதைகளை வாசித்துக்கொண்டிருந்தார். அப்புறம் இறங்கி 71. தொடர்ந்து ஏழாவது அரைச்சதம், பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அது அப்போது உலக சாதனை. போட்டி நேரத்தில் வீரர்கள் போனை ஒப்படைத்துவிட வேண்டும், சூதாட்டத் தடுப்பு விதி அப்படி. ஆகவே கையில் தாள் புத்தகம் இருப்பவன்தான் பிழைப்பான். நம் கண்டி டிரினிட்டி கல்லூரியில் படித்த சங்கக்காரவைப் பாருங்கள், 2011இல் லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் பற்றி அவர் நிகழ்த்திய உரை வாசிக்காதவன் வாயில் வராது.

தோட்டத்தில் ஆடும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஜூன், ஜூலை மழையில் மைதானம் எப்படியும் சேறுதான். பந்தை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுங்கள். கிட் பேக்கில் ஈரக் காலுறையோடு போடாதீர்கள், ஒரே கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீன் பையில் சுற்றி, உள்ளே காய்ந்த வேப்பிலை வையுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் இன்னும் நல்லது, ஆனால் புகை மணக்கும். வாரம் ஒரு தடவை வெயிலில் விரியுங்கள். அட்டையைக் கிழிக்காதீர்கள். இரவல் கொடுத்தால் பெயரை எழுதி வையுங்கள்.

கண்டிக்காரன்:
அண்ணே, பெயர்ப் புத்தகம் வாசிப்பில் சேருமா சேராதா? அதைச் சொல்லவில்லையே.

தோட்டத்து டீச்சர்:
அட்டன் ரசிகன், உங்களிடம்தான் கேட்கிறேன். அது தரம் 6 தாளா? பழைய தாள்களை நாங்கள் நானுஓயாப் பக்கம் ஒரு வடைக்காரருக்குத்தான் கொடுப்போம். அந்தக் கணக்கு நான் கொடுத்த கணக்கு போலவே இருக்கிறது. 468 சரிதான், யார் இல்லை என்றது? ஆனால் 468 என்ன? கிலோவா, தேங்காயா? அலகு எழுதாத விடைக்கு நான் பிழைதான் போடுவேன், வருசம் முழுக்கச் சொல்லித்தான் கொடுக்கிறேன். அவர் சரி போட்டபோது பக்கத்தில் கிலோ என்று எழுதினாரா?