சுண்டுவிரலும் மரத்துப்போகிறதா?

தையல்காரி, திருப்பூர்:
பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். நள்ளிரவில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்து உதறினால்தான் கைக்கு உயிர் வரும். வாய்வு என்றார் மாமியார். கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார் மருந்துக்கடைக்காரர். எலும்பு மருத்துவரோ எடுத்த எடுப்பில் கேட்டது, "சுண்டுவிரலும் மரத்துப்போகிறதா?" இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி, அவ்வளவுதான். மணிக்கட்டின் குறுகிய வழியில் நசுங்கும் நரம்பு இந்த மூன்றரை விரல்களுக்குத்தான் உணர்வு தருகிறதாம். புறங்கைகளை ஒட்டவைத்து மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னார். நிமிடம் முடிவதற்குள் விரல்கள் விறுவிறுத்தன. இந்த நரம்பு நசுங்கலுக்குப் பெயர் கார்ப்பல் டனல். சர்க்கரை, தைராய்டு கோளாறுகளாலும் இது வருமாம். பரிசோதித்ததில் எனக்குத் தைராய்டு குறைவு. மாத்திரை சாப்பிடுகிறேன். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறேன். இப்போது இரவில் அதிகம் எழுவதில்லை.

கைக்குழந்தைக்காரி, மதுரை:
எனக்கு மரத்துப்போகவே இல்லை அக்கா, வெறும் வலி. குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் சுரீரென்று இழுக்கும். கட்டைவிரலை உள்ளே வைத்து விரல்களை மூடச் சொல்லி, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தார் மருத்துவர். கத்தியே விட்டேன்! கட்டைவிரல் தசைநாண்கள் ஓடும் உறை தடித்துவிட்டதாம். சீட்டில் டி குவர்வெய்ன் என்று எழுதினார். பிள்ளை பெற்றவர்களுக்கு அடிக்கடி வருவதாம். இப்போது உள்ளங்கை மேலே பார்க்க அள்ளித் தூக்குகிறேன். பச்சை உடம்பில் குளிர் ஏறிவிட்டது என்று வீட்டில் இன்னமும் சாதிக்கிறார்கள்.

நிலத்தரகர், சேலம்:
திருப்பூர் அக்காவுக்கு நேர் எதிர் எனக்கு. சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் மரத்தன. நரம்பு நசுங்கியது முழங்கையில். கையை மடக்கி, போனைக் காதில் வைத்தபடியே பேசும் தொழில் ஆயிற்றே.

அண்ணன்காரன், திருச்சி:
பைக்கில் விழுந்து கையை ஊன்றியவர்கள் இதைக் கவனியுங்கள். தம்பிக்கு முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவலாம் என்று அப்பா கிளம்பிவிட்டார். ஆனால் கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழுமே, அங்கே அழுத்தினால் துடித்தான். மருத்துவர் சந்தேகத்தின் பேரிலேயே கட்டுப் போட்டார். இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில் விரிசல் தெரிந்தது. ஸ்காபாய்டு என்ற அந்தச் சிறு எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போகலாமாம். மாவுக்கட்டோடுதான் கல்லூரிக்குப் போய்வருகிறான்.