60 லட்சத்துப் புது வீடா, 52 லட்சத்துப் பழைய வீடா: பத்திரச் செலவு எதில் அதிகம்?

கேள்வி: தாம்பரம் வாசகர்

தாம்பரத்தை அடுத்த பகுதியில் இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, பணி நிறைவுச் சான்றும் பெற்றுவிட்ட புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில், கட்டுநரிடமிருந்து நேரடியாக 60 லட்ச ரூபாய்க்குக் கிடைப்பது. மற்றொன்று, அதே தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டு, இப்போது 52 லட்சத்துக்கு மறுவிற்பனைக்கு வந்திருப்பது. எங்கள் கையிருப்பு 16 லட்சம். மீதிக்கு வங்கிக் கடனைத்தான் நம்பியிருக்கிறோம். விலை குறைந்த வீட்டுக்குப் பத்திரச் செலவும் குறைவாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தோம். ஆவண எழுத்தர் சொல்லும் தொகையோ பழைய வீட்டுக்குத்தான் கூடுதலாக வருகிறது. அவர் கணக்கு சரிதானா? தவிரவும், பழைய வீட்டின் உரிமையாளர் பத்திரத்தில் 40 லட்சம் மட்டும் காட்டிவிட்டு மீதி 12 லட்சத்தை ரொக்கமாகத் தரும்படி கேட்கிறார். அதனால் எங்களுக்கும் செலவு மிச்சம் என்கிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வீட்டுக்கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

ஆவண எழுத்தர் கணக்கு சரியே. தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். மறுவிற்பனை வீட்டுக்கு இதுதான் பொருந்தும் என்பதால் 52 லட்சத்துக்கு 4.68 லட்ச ரூபாய் ஆகும். புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு மட்டும், 2023 டிசம்பர் முதல், முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு: 50 லட்சம் வரை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதத்தைச் சேர்த்தால் உங்கள் 60 லட்சத்து வீட்டுக்கு 7 சதவீதம், அதாவது 4.2 லட்சம். விலையில் 8 லட்சம் குறைந்த வீட்டுக்கு வரி 48,000 ரூபாய் கூடுதல் என்பது விந்தைதான், ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

சதவீதத்தைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது, இந்தத் தொகையை வங்கி தராது என்பதுதான். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். அந்த மதிப்பில் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் சேர்க்கக் கூடாது. ஆகவே புது வீட்டுக்கு உங்கள் பங்கு 12 லட்சமும் பத்திரச் செலவு 4.2 லட்சமும் சேர்ந்து 16.2 லட்சம், பழைய வீட்டுக்கு 10.4 லட்சமும் 4.68 லட்சமும் சேர்ந்து 15.08 லட்சம். வங்கியின் மதிப்பீட்டாளர் பழைய கட்டடத்துக்கு 52 லட்சத்துக்குக் கீழே மதிப்பிட்டால் கடன் அதற்கேற்பக் குறையும் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மதிப்பீட்டை முடித்துக்கொள்ளுங்கள். வரி என்றாலே மாதத் தவணையோடு கரைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இது பதிவு நாளன்று சேமிப்பிலிருந்து மொத்தமாக வெளியேறும் பணம்.

பதில் 2: வரி ஆலோசகர்

40 லட்சம் என்று காட்டும் யோசனையை முந்தைய பதிலின் கணக்கோடு வைத்துப் பாருங்கள். பத்திரச் செலவில் மிச்சமாவது 12 லட்சத்தின் 9 சதவீதம், அதாவது 1.08 லட்சம். ஆனால் வங்கி 40 லட்சத்துக்குத்தான் கடன் தரும் என்பதால் 41.6 லட்சம் கிடைக்க வேண்டிய இடத்தில் 32 லட்சம்தான் கிடைக்கும். உங்கள் கையிலிருந்து போக வேண்டியது 15.08 லட்சத்திலிருந்து 23.6 லட்சமாக உயரும். 16 லட்சம் வைத்திருப்பவர் இதைச் செய்ய முடியாது என்பதால், சட்டத்துக்குப் போவதற்கு முன்பே இந்த யோசனை அடிபட்டுப் போகிறது.

சட்டத்துக்கும் போவோம். வீட்டு விலையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறிப் பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விழலாம். வழிகாட்டி மதிப்பு, அதாவது அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு, 40 லட்சத்துக்கு மேல் இருந்தால், சார்பதிவாளர் அந்த மதிப்புக்கே தீர்வை கேட்பார். அதற்கும் பத்திர விலைக்கும் உள்ள வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வித்தியாசம் உங்கள் வருமானமாகவும் கருதப்படும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 40 லட்சம் என்றே கணக்கிடப்பட்டு, விற்பவர் மறைத்த இலாபத்துக்கு நீங்கள் வரி கட்டுவீர்கள். 52 லட்சத்துக்கே பதிவு செய்தால் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். அது அவருடைய வரி, உங்களுக்குக் கூடுதல் செலவு அல்ல.

பதில் 3: குரோம்பேட்டையிலிருந்து

சலுகை என்ற சொல்லை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. 2023 டிசம்பருக்கு முந்தைய சில மாதங்களில், புது அடுக்குமாடி வீட்டில் மனையின் பிரிக்கப்படாத பாகத்தை, அதாவது மொத்த நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பங்கைத்தான் கிரையப் பத்திரமாக 9 சதவீதத்துக்குப் பதிவு செய்வார்கள். கட்டடத்துக்குத் தனியே கட்டுமான ஒப்பந்தம் போட்டு 4 சதவீதம் கட்டுவார்கள். 60 லட்சத்தில் மனைப்பாகம் 20 லட்சம் என்றால் 1.8 லட்சமும் 1.6 லட்சமும் சேர்ந்து 3.4 லட்சம்தான். இன்று அதே வீட்டுக்கு 4.2 லட்சம். மனைப்பாகம் மொத்த விலையில் 60 சதவீதத்தைத் தாண்டினால்தான் 7 சதவீதம் உண்மையில் குறைவு. அவ்வளவு மனைப்பாகம் வருவது நகரின் நடுவே நிலவிலை உச்சத்தில் இருக்கும் இடங்களில்தான்.

இதற்கு முன்பும் இப்படித்தான் நடந்தது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்து, மதிப்பைப் பழைய நிலைக்கே உயர்த்தினார்கள். வழிகாட்டி மதிப்புக்கே பதிவாகும் 30 லட்சத்து மனைக்கு, 7 சதவீத முத்திரைத் தீர்வையும் சேர்த்து, முதலில் 2.4 லட்சம், பிறகு ஏறத்தாழ 2.2 லட்சம், அதன்பின் 2.7 லட்சம்.

தாம்பரம் வாசகர்

அனைவருக்கும் நன்றி. ரொக்கப் பேச்சை இன்றே மறுத்துவிடுகிறோம். புது வீட்டுக்கு எங்கள் கையிருப்பில் 20,000 ரூபாய்தான் குறைகிறது. கட்டுநரிடம் விலை பேசிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். மனைவி பெயரில் பதிந்தால் கட்டணம் குறையும் என்கிறார்களே, அது எங்களுக்கும் பொருந்துமா? ஜிஎஸ்டி தனியாக உண்டா?

பதில் 4: வரி ஆலோசகர்

பெண்கள் பெயரில் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைவது 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துகளுக்கு மட்டுமே. தாம்பரத்தில் அந்த விலைக்கு எந்த வீட்டைத் தேடுவது என்று தெரியவில்லை. பணி நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கட்டுமானத்தின்போதே வாங்கியிருந்தால் 5 சதவீதம் கட்டியிருப்பீர்கள். ஆகவே சான்றின் தேதிக்குப் பிறகே முதல் தொகையைக் கொடுங்கள், சான்றின் நகலையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வருமான வரியில் பழைய முறையில் இருந்தால், இந்த 4.2 லட்சத்தை ஆண்டுக்கு 1.5 லட்சம் என்ற பொது வரம்புக்குள் அதே ஆண்டில் கழித்துக்கொள்ளலாம். வருங்கால வைப்பு நிதியே அந்த வரம்பை நிரப்பியிருந்தால் அதிலும் பயனில்லை.