இளையோர் ஆர்கெஸ்ட்ராவுக்குச் சென்னையில் ஆண்டுதோறும் கச்சேரிப் பருவம்: வேண்டுமா, வேண்டாமா?

சேத்துப்பட்டு செல்வி:

பிரிட்டனில் 1948-இல் ரூத் ரெயில்டன் என்ற பெண்மணி பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு தேசிய ஆர்கெஸ்ட்ராவை, அதாவது தந்தி, ஊதும், தாளக் கருவிகள் சேர்ந்து வாசிக்கும் பெரிய மேற்கத்திய இசைக் குழுவைத் தொடங்கினார். இன்றும் அது உயிரோடு இருக்கிறது. 150-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் புத்தாண்டு, ஈஸ்டர், கோடை விடுமுறைகளில் ஓரிடத்தில் தங்கி ஒத்திகை பார்த்து, பெரிய அரங்குகளில் வாசிக்கிறார்கள். கோடையில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் ‘ப்ராம்ஸ்’ (Proms) இசை விழாவிலும் மேடை ஏறுகிறார்கள். போன ஆண்டு வாசித்தவர் என்பதற்காக இந்த ஆண்டு யாருக்கும் இடம் இல்லை. எல்லாரும் மறுபடி தேர்வுக்கு வர வேண்டும். அமெரிக்காவில் கார்னகி ஹால் என்ற கச்சேரி அரங்கம் 2013-இல்தான் இப்படி ஒன்றைத் தொடங்கியது. வயது 16 முதல் 19 வரை. தேர்வான பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை.

இந்தியாவுக்கும் அப்படி ஓர் இளையோர் ஆர்கெஸ்ட்ரா வேண்டும், அதன் ஆண்டுப் பருவம் சென்னையில் நடக்க வேண்டும் என்கிறேன். மும்பையில் 2006 முதல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது, நல்ல ஆர்கெஸ்ட்ரா. ஆனால் அதில் வாசிப்பவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள். 2025 மார்ச் 8 அன்று இளையராஜா தம் சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றினார். வாசித்தவர்கள் அந்த ஊர்க் கலைஞர்கள். அப்படி எழுதக்கூடியவர் வாழும் ஊரில், அதை வாசிக்கக்கூடிய எண்பது பேரை நாம் வளர்க்கவில்லை. இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

தவில்வீட்டுப் பிள்ளை:

அம்மா, உங்கள் ஆசையை மதிக்கிறேன். திட்டத்தை எதிர்க்கிறேன்.

‘தேசிய’ என்று பெயர் வைத்தால் அரசுப் பணம் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் கற்கும் பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள். அவர்களில் பலர் முதல் தலைமுறையாகக் கருவியைத் தொடுகிறவர்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து எடுக்கும் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்தால் போதுமா? அதை வாசிக்கும் பதினாறு வயதுப் பையனுக்குச் சென்னையில் எந்த மேடை இருக்கிறது? பல சபாக்களில் அவன் கருவி தொடக்க நாள் மங்கல இசையோடு முடிந்துவிடுகிறது.

இன்னொன்று. இளையோருக்கான பருவம் இந்த ஊருக்குப் புதிதல்ல. மார்கழியில் பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் வாசிப்பவர்கள் யார்? பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள்தான். டிக்கெட் கிடையாது, யாரும் போய் உட்காரலாம். அந்த நாற்காலிகள் பாதிக்கு மேல் காலியாக இருக்கின்றன. அவற்றை நிரப்பாமல் புதிதாக ஒரு பருவம் எதற்கு?

வயலின் வாத்தியார், பெரம்பூர்:

இருவரும் மேடையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் நாற்காலிக் கணக்கைச் சொல்கிறேன்.

முழு அளவு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா 12, செல்லோ 10, டபுள் பாஸ் 8 என்பது வழக்கமான அமைப்பு. தந்திக் கருவிகள் மட்டுமே அறுபது பேர். அதன் மேல் ஊதும் கருவிகளான புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன், ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், பிறகு டிம்பனி முரசு. இதில் சென்னையிலிருந்து எத்தனை நாற்காலியை நிரப்ப முடியும்? இந்த ஊரில் மேற்கத்திய இசையில் கிரேடு தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பெரும்பாலோர் பியானோ, கீபோர்டு, கிடார். பியானோ எட்டாம் கிரேடு முடித்த பிள்ளைகளை எவ்வளவு சேர்த்தாலும் ஆர்கெஸ்ட்ரா ஆகாது. ஓபோ கற்றுத்தர இந்த ஊரில் ஆளைத் தேடிப் பாருங்கள், புரியும். பஸ்ஸூன் அதைவிடக் கடினம். கருவி லட்சக் கணக்கில், ரீடு (நாகஸ்வரத்துச் சீவாளி போன்றது) ஒவ்வொன்றும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

வயலின் நிறையப் பேர் கற்கிறார்களே என்பீர்கள். அவர்களில் மிகுதியானவர்கள் கர்நாடக வயலின் கற்கிறார்கள். தந்திகளுக்கு ச-ப-ச-ப சுருதி. தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கும் முறை. அது அரிய கலை. ஆனால் அங்கிருந்து எழுந்து வந்து இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார முடியாது. சுருதி வேறு, கையின் இருப்பு வேறு, வில்லின் எடை வேறு, நோட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் பயிற்சியும் வேறு. பத்து ஆண்டு கற்ற பிள்ளைகூட இங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எனவே பருவத்தை அறிவிக்கும் முன் ஐந்தாண்டு ஆசிரியர்களுக்குச் செலவிடுங்கள் என்பேன்.

வேளச்சேரி வாசகர்:

வயலினும் ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்ததுதானே? பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கற்றதே இந்த ஊரில்தான். அவர் அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் ஜார்ஜ் கோட்டையின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குப் பாட்டு எழுதி நோட்டு ஸ்வர சாகித்தியங்கள் செய்தார். இருநூறு ஆண்டுக்கு முன்பே சென்னைக்கு இது பழக்கமாகிவிட்டது.

தவில்வீட்டுப் பிள்ளை:

வயலின் வந்தபோது அதை நாம் வளைத்தோம். சுருதியை மாற்றினோம், உட்காரும் முறையை மாற்றினோம், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு விரலைப் பழக்கினோம். அதனால்தான் அது நம் கருவியானது. ஆர்கெஸ்ட்ராவை யார் வளைப்பது? பதினாறு வயலினும் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை ஒரே அசைவில் வாசிக்குமா? ரவிசங்கர் தலைமையில் 1952-இல் அகில இந்திய வானொலி வாத்திய விருந்தா என்று ஒரு தேசிய வாத்தியக் குழுவை அமைத்தது. நம் கருவிகளை வைத்து, பெரியவர்கள் உழைத்துச் செய்த வேலை. இன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள்? இருந்ததைக் காப்பாற்றாத நாடு புதிதாக ஒன்றைக் காப்பாற்றும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

மந்தைவெளி வயோலா:

நான் கல்லூரி முதலாண்டு மாணவி, வயோலா வாசிக்கிறேன். தவில் அண்ணா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பகல் கச்சேரியையும் ஆர்கெஸ்ட்ராவையும் ஒன்றாக வைக்காதீர்கள். பகல் கச்சேரியில் ஒரு பிள்ளை தன் திறமையைக் காட்டுகிறது. பக்கவாத்தியம் இருவர். ஆர்கெஸ்ட்ராவில் நான் நாற்பது தாள அளவுகள் (பார்) வாசிக்காமல் எண்ணிக்கொண்டு காத்திருப்பேன். செல்லோ மூச்சு விடும் இடத்தை, ஹார்ன் நுழையும் இடத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் என் இடம் தெரியும். வீட்டில் தனியாக எத்தனை மணி நேரம் சாதகம் செய்தாலும் இது வராது. தேர்வுக்கு வாசிப்பேன், சான்றிதழ் வரும், அலமாரியில் வைப்பார்கள். கூட வாசிக்க ஆள் இல்லாததால் என்னோடு தொடங்கிய தோழிகள் பலர் விட்டுவிட்டார்கள்.

வாத்தியார் சார், ஐந்தாண்டு காத்திருக்கச் சொல்கிறீர்கள். அதற்குள் எனக்கு வயது தாண்டிவிடும். எனக்குப் பின்னால் வருபவர்களும், வாசிக்க இடமே இல்லாத கருவியை ஏன் எடுப்பார்கள்?

சேத்துப்பட்டு செல்வி:

மகளே, நான் சொல்ல நினைத்ததை நீ தெளிவாகச் சொல்லிவிட்டாய்.

வாத்தியார் ஐயாவுக்கு ஒன்று. முதல் பருவத்திலேயே மாலரின் பிரம்மாண்டமான சிம்பொனிகளை வாசிக்கச் சொல்லவில்லை. பேத்தோவன் ஏழாம் சிம்பொனிக்குக் காற்றுக் கருவிகள் இரண்டிரண்டு போதும். ஹார்ன் இரண்டு, டிரம்பெட் இரண்டு, டிம்பனி. டிராம்போன் வேண்டாம். தேசிய அளவில் எடுப்பதால் கோவா, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஷில்லாங் பிள்ளைகளும் தேர்வுக்கு வருவார்கள். நாடு முழுவதும் தேடினால் இரண்டு பஸ்ஸூன் கிடைக்காதா? நம் ஊரிலும் ஒன்றுமில்லாமல் இல்லை. கே.எம். இசைக் கல்லூரி 2008 முதல் நடக்கிறது. ஏ.ஆர். ரஹ்மான் அறக்கட்டளையின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இலவசமாகத் தந்திக் கருவிகள் கற்கிறார்கள். வெனிசுவேலாவில் 1975-இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு இளையோர் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியபோது அவரிடமும் சில பிள்ளைகள்தான் இருந்தார்கள். அங்கிருந்துதான் புகழ்பெற்ற இசை நடத்துநர் குஸ்தாவோ துதாமெல் வந்தார்.

வேளச்சேரி வாசகர்:

ஆதரவாளனாக ஒரு நடைமுறைக் கேள்வி. பருவம் எந்த மாதத்தில்? டிசம்பரில் அரங்கு கிடைக்காது, இருக்கும் ரசிகரும் சபாக்களில் இருப்பார். மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. மே முதல் வாரம் நீட். அதற்குப் பின் பள்ளி திறக்கும் ஜூன் வரை கிடைக்கும் மூன்று நான்கு வாரம்தான் எங்கள் வீடுகளில் பிள்ளைக்குக் காலியாக இருக்கும் நாட்கள். அதுவும் அக்னி நட்சத்திரம். குளிர்சாதன அறையிலிருந்து வெளிக்காற்றுக்குச் செல்லோவை ஒருமுறை கொண்டுபோனாலே சுருதி கலைந்துவிடுகிறது. தங்குமிடமும் ஒத்திகைக் கூடமும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும்.

வயலின் வாத்தியார், பெரம்பூர்:

மே மாதம் சரி. அரங்கு? நம் சபா அரங்குகள் மைக்குக்குப் பழகியவை. ஆர்கெஸ்ட்ராவுக்கு மைக் வைத்தால் அதன் உயிர் போய்விடும். எழும்பூர் மியூசியம் தியேட்டரில் மைக் இல்லாமலே நன்றாகக் கேட்கும், ஆனால் எண்பது பேர் உட்கார மேடை போதாது. 2005 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலையின் முதலாம் ஆண்டு நினைவு நாளில், இசை நடத்துநர் ஜுபின் மேத்தா ஜெர்மனியின் பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ராவை மியூசிக் அகாடமியில் நடத்தினார். ஆகவே மேடை கொள்ளும். ஒத்திகையையும் அதே மேடையில் வைக்க வேண்டும். கடைசி நாள் மட்டும் அரங்கைத் தந்தால், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்கவே முடியாமல் திணறுவார்கள்.

செல்வி அம்மா, ஐந்தாண்டு என்ற நிபந்தனையை இந்தப் பிள்ளைக்காகத் தளர்த்துகிறேன். ஆசிரியர்களை மட்டும் விடமாட்டேன். பருவத்தில் பயிற்றுவிக்க வரும் ஓபோ, பஸ்ஸூன், ஹார்ன் கலைஞர்கள் கச்சேரி முடிந்ததும் விமானம் ஏறினால் இந்த ஊருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதும் இங்கே தங்கி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் மூவரையாவது அமர்த்துங்கள். மூன்று கச்சேரி வைக்க நினைத்தாலும் ஒன்றாகக் குறைத்தாவது அதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

சேத்துப்பட்டு செல்வி:

மூவரை அமர்த்துவதற்குச் சம்மதம். கச்சேரியை ஒன்றாகக் குறைப்பதற்குச் சம்மதமில்லை. மூன்று வாரம் உழைத்த பிள்ளை ஒரே இரவில் வாசித்துவிட்டு ஊருக்குப் போனால், முதல் நாள் நடுக்கத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு போகும். இரண்டாம் கச்சேரியில்தான் வாசிப்பே தொடங்கும். ஒன்று சென்னையில், ஒன்று கோவையில், ஒன்று மதுரையில் வைப்போம். இருபது வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் கூடாது.

தவில்வீட்டுப் பிள்ளை:

வயோலா தங்கை எழுதியதை இரண்டு முறை படித்தேன். கூட வாசிக்க ஆளில்லாமல் கருவியை விடும் வேதனை எங்கள் வீட்டிலும் உண்டு. தவில் தனியாக வாசிக்கும் கருவி அல்ல. நாகஸ்வரக்காரர் இல்லாவிட்டால் தவில்காரனுக்கு மேடை ஏது?

ஆனாலும் என் எதிர்ப்பு நிற்கிறது. தனியார் நன்கொடையில் நடத்துங்கள், முதல் வரிசையில் வந்து உட்காருவேன். அரசுப் பணத்தில் நடத்தினால் அதே மே மாதம், அதே அரங்கு, அதே தங்குமிடம், அதே தொகை மாவட்ட இசைப் பள்ளிகளின் நாகஸ்வர, தவில் பிள்ளைகளுக்கும் வேண்டும். ஆர்கெஸ்ட்ராவுக்கு முன் மங்கல இசையாகப் பத்து நிமிடம் கொடுப்பதை ஏற்கமாட்டேன். அவர்களுக்கென்று முழு மாலை வேண்டும், கோயில் புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியில் தொடங்கி.

சேத்துப்பட்டு செல்வி:

முழு மாலை தரலாம் தம்பி. அதே தொகையை முதல் ஆண்டிலேயே என்னால் உறுதி சொல்ல முடியாது. பிள்ளைகள் எத்தனை பேர், எந்த மாவட்டம், தங்க எத்தனை நாள் வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். வாத்தியார் ஐயாவின் ஆசிரியர் செலவையும் அதனோடு சேர்த்து ஒரே விண்ணப்பமாகக் கலை பண்பாட்டுத் துறைக்குக் கொடுப்போம்.

தவில்வீட்டுப் பிள்ளை:

பட்டியல் அனுப்புகிறேன். தொகை சமமாக இல்லாவிட்டால் அந்த விண்ணப்பத்தில் என் கையெழுத்து இருக்காது.