எலி ஈரலில் மஞ்சள் கோடுகள்: எப்படி உறுதி செய்வது?

கேள்வி (பொறிக்கூண்டு): குடியிருப்புகளில் பிடித்த பழுப்பு எலிகளை அறுத்தால், சிலவற்றின் ஈரல் மேல் மஞ்சள் கலந்த வெள்ளைக் கோடுகளும் திட்டுகளும் தெரிகின்றன. புழுக்கையில் முட்டை எதுவும் இல்லை. கேபில்லேரியா ஹெபாடிகா என்ற ஈரல் புழுவோ என்று சந்தேகம். எப்படி உறுதி செய்வது? அறுப்பவருக்குத் தொற்றுமா?

திசுக்கண்ணாடி: புழுக்கையில் தேடிப் பயனில்லை. இந்தப் புழு (இப்போதைய பெயர் கலோடியம் ஹெபாடிகம்) ஈரல் திசுவுக்குள்ளேயே முட்டையிடுகிறது. முட்டை வெளியேற வழி கிடையாது.

திட்டிலிருந்து கடுகளவு வெட்டி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நசுக்கி, நுண்ணோக்கியின் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். இரு முனையிலும் அடைப்புள்ள பீப்பாய் வடிவ முட்டைகள் குவிந்திருக்கும். சாட்டைப்புழு முட்டையும் இதே ஜாடைதான். ஆனால் இதன் ஓடு வரிவரியாக இருக்கும், அகலமும் கூடுதல் (சுமார் 50–65 × 30–35 மைக்ரான்). முழுப் புழுவைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முட்டையிட்டபின் அது சிதைந்துவிடும்.

திசுவெட்டுக்கு அனுப்புவதானால் 5 மி.மீ.க்கு மேல் தடிமன் வேண்டாம். திசுவைப்போல் 10 மடங்கு அளவு 10% ஃபார்மலினில் போடுங்கள். பெரிய துண்டாகப் போட்டால் நடுப்பகுதி அழுகிவிடும்.

மண்ணும்முட்டையும்: புதிதாக அறுத்த ஈரலிலுள்ள முட்டை தொற்றாது, அதில் இன்னும் இளம்புழு உருவாகியிருக்காது. எலி செத்து மட்கினாலோ, பூனையோ இன்னொரு எலியோ அதைத் தின்று கழித்தாலோதான் முட்டை மண்ணுக்கு வரும். ஈரமும் காற்றும் இருந்தால், 30 டிகிரியில் ஏறத்தாழ 4 வாரத்தில் தொற்றும் நிலையை அடையும். அந்த மண் வாய்க்குள் போனால் இளம்புழு குடலில் வெளிவந்து, ரத்தம் வழியே ஈரலுக்குப் போய்விடும். மண் தின்னும் சிறுபிள்ளைகள்தான் என் முதல் கவலை.

அதற்காகக் கையுறையைக் கழற்றிவிடாதீர்கள். அறுப்பவருக்கு உடனடி ஆபத்து எலியின் சிறுநீரகத்திலும் சிறுநீரிலும் உள்ள லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா.

பொறிக்கூண்டு: நன்றி. ஒரு எலியின் ஈரலில் பட்டாணி அளவு வெள்ளைப் பை, உள்ளே சுருண்ட நாடா மாதிரி புழு. இதுவும் அதுதானா?

திசுக்கண்ணாடி: இல்லை, அது பூனை நாடாப்புழுவின் இளம்பருவம். தனியாகக் குறித்து வையுங்கள்.

ஈரல்வார்டு: மனிதரில் இந்நோய் அரிது, 1924இல்தான் முதல்முறை பதிவானது. விடாத காய்ச்சல், வீங்கிய ஈரல், ரத்தத்தில் ஈசினோஃபில் (ஒருவகை வெள்ளையணு) மிகுதி, இம்மூன்றும் சேர்ந்தால் இதையும் நினையுங்கள். உறுதி செய்ய ஈரல் திசுப்பரிசோதனைதான். மலத்தில் இம்முட்டை தெரிந்தால், தொற்றுள்ள விலங்கின் ஈரலைத் தின்றது வழியாகச் சும்மா கடந்துபோனதாக இருக்கும். ஈரல் உணவை நிறுத்திச் சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். சிகிச்சைக்கு குடற்புழுவுக்கு வழக்கமாகத் தரும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை போதாது. பல நாள் தரவேண்டும், அழற்சிக்கு ஸ்டீராய்டும் சேர்த்து.

மண்ணும்முட்டையும்: விஷம் வைப்பவர்கள் செத்த எலியைத் தேடி எடுக்காமல் போவதுதான் பெரிய தவறு. வளைக்குள் மட்கும் ஒவ்வொன்றும் அந்த மண்ணில் முட்டையை விதைக்கிறது. குளோரின் தெளிப்பதை நம்பாதீர்கள், புழுமுட்டை ஓடு அதைத் தாங்கும். விஷத்தைவிடப் பொறி மேல், எலி கைக்குக் கிடைக்கும். சடலத்தை இரட்டைப் பையில் கட்டி எரியுலைக்கு அனுப்புங்கள். அறுத்த தட்டு, கத்தரிகளைக் கொதிநீரில் போடுங்கள்.