கருந்துளை பயம்: ஆச்சிக்கு என்ன பதில் சொல்ல?

கானாடுகாத்தான் பேரன்:
செர்ன்ங்கிற ஐரோப்பிய அணு ஆய்வு மையத்துல புரோட்டான்களை (அணுவுக்குள்ள இருக்குற துகள்) வேகமா சுத்தவிட்டு மோதவைக்கிற மோதுகலன், கருந்துளையை (எதையும் உள்ள இழுத்துக்குற ஈர்ப்புள்ளது) உண்டாக்கிருமுன்னு யாரோ வாட்ஸப்புல கிளப்பிவிட்டாக. ஆச்சி வளவுல வத்தல் பிழியுறதை விட்டுட்டு, "கருந்துளை உலகத்தையே முழுங்கிருமாமே ராசா"ங்கிறாக. என்ன சொல்லட்டும்?

தேவகோட்டையான்:
மோதுகலனை முதல்ல ஓட்டின 2008 செப்டம்பர் 10லயும் இதே கூத்துதான். அன்னிக்குப் புரோட்டான் சுத்தி வந்ததோட சரி, மோதல்கூட நடக்கல! மோதுகலனைவிட அதிக ஆற்றலுள்ள அண்டக்கதிர்கள் (விண்வெளியிலேருந்து வர்ற துகள்கள்) காலங்காலமா பூமியில விழுது. ஒண்ணும் ஆகலையே.

கானாடுகாத்தான் பேரன்:
சொன்னேன். "அப்ப 27 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி எதைத் தேடுறாக?"ன்னு ஆச்சி கேக்குறாக.

புதுவயல்:
தேடினதுல ஒண்ணு ஹிக்ஸ் துகள், அடிப்படைத் துகள்களுக்கு எப்படி நிறை வந்துச்சுன்னு விளக்க உதவுறது. 2012 ஜூலை 4ல கிடைச்சதா அறிவிச்சாக. செர்ன் வளாகத்துல இந்தியா கொடுத்த நடராசர் சிலை நிக்குது, படம் காட்டுங்க.

கானாடுகாத்தான் பேரன்:
காட்டினேன். அபிஷேகம் யார் பண்றாகன்னு கேக்கச் சொல்றாக.